ஆலோசகரா, கணக்குப்பிள்ளையா? மும்பை நெசவாலைப் பரிசோதனையும் வண்ணார்பேட்டைக் கடைகளும்

சிறு வியாபாரிகளிடம் ஒழுங்கு இல்லை என்றும், அது இல்லாமைக்கு அவர்களுடைய அறியாமையே மூலகாரணம் என்றும், ஆகவே நிர்வாக முறைகளைக் கற்றுத் தெளிந்த ஆலோசகர் ஒருவர் சில மாத காலம் அருகிலிருந்து வழிகாட்டினால் அக்குறை நீங்கிவிடும் என்றும் ஒரு கொள்கை ஆராய்ச்சியாளரிடையே நிலைபெற்றிருக்கிறது. 1954ஆம் ஆண்டில் ஃபோர்டு அறநிறுவனத்தின் ஆதரவில் வந்த சர்வதேச நிபுணர் குழுவின் சிபாரிசின்பேரில் மதுரை உள்ளிட்ட நான்கு இடங்களில் சிறுதொழில் சேவை நிலையங்கள் நிறுவப்பட்ட காலந்தொட்டே இந்நம்பிக்கை நம்மோடு இருந்து வருகிறதாயினும், அதற்குப் பரிசோதனைவழிப்பட்ட நிரூபணம் கிடைத்துவிட்டதாக எண்ணும்படி செய்தது, நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் மும்பையை அடுத்த தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளின் நெசவாலைகளில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு. அவ்வாய்வின் தரத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. அதிலிருந்து பின்வந்தோர் பெற்ற முடிவு, அவ்வாய்வே தரும் ஆதாரங்களுக்கு முரண்பட்டது என்பதே என் அபிப்பிராயம்.

பதினேழு கம்பெனிகளின் இருபத்தெட்டு ஆலைகள் அப்பரிசோதனையில் இடம்பெற்றன. பழுது பதிதல், நூல் இருப்பைக் கணக்கிடுதல், தறிகளை உரிய காலத்தில் பராமரித்தல் போன்ற முப்பத்தெட்டு நடைமுறைகள் வகுக்கப்பட்டன. சில ஆலைகளுக்கு ஐந்து மாத ஆலோசனை இலவசமாக அளிக்கப்பட்டது. முதலாண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. இத்தனை லாபகரமான முறைகளை முன்னமே ஏன் கைக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு, அவற்றைப் பற்றி முதலாளிகள் கேள்விப்பட்டிருக்கவில்லை, அல்லது கேள்விப்பட்டும் தமக்குப் பயன்படும் என்று நம்பவில்லை என்பதே ஆய்வாளர் தந்த முதன்மையான விடை. இந்த விடைதான் பிற்காலத்தில் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டு ஒரு சித்தாந்தமாகிவிட்டது. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு உண்மையும் பதிவாகியிருக்கிறது. ஒரு கம்பெனியின் பருமனைத் தீர்மானிப்பதில் நிர்வாகத் திறமையைக் காட்டிலும் முதலாளியின் குடும்பத்தில் எத்தனை ஆண்மக்கள் இருக்கிறார்கள் என்பதே வலிய காரணமாக இருந்ததாம். களவுக்கு அஞ்சியும், நீதிமன்றம் உடனடியாகப் பரிகாரம் தராது என்று அறிந்தும், குடும்பத்துக்கு வெளியிலுள்ள ஒருவரிடம் அதிகாரத்தை ஒப்படைக்க எவரும் துணியவில்லையாம். அறியாமைக் கொள்கையினர் இவ்விஷயத்தைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். நிர்வாகம் என்பது யார் கையில் இருக்கலாம் என்ற கேள்வி, நிர்வாகம் என்றால் என்னவென்று தெரியுமா என்ற கேள்விக்கு முற்பட்டது என்பதை இது காட்டுகிறது என்று நான் கருதுகிறேன்.

இவ்வூகத்துக்கு வலுவான ஆதாரம் 2020இல் வெளிவந்த தொடராய்வில் கிடைக்கிறது. எட்டொன்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அதே ஆலைகளுக்குத் திரும்பிச் சென்றபோது, அன்று புகுத்தப்பட்ட நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. எனினும் ஆலோசனை பெற்ற ஆலைகளுக்கும் பெறாதவற்றுக்கும் இடையே கணிசமான வேற்றுமை அப்போதும் நிலைத்திருந்தது. எஞ்சிய பாதியைக் கண்டு வெற்றி என்று முழங்குவோர், இழந்த பாதி ஏன் இழக்கப்பட்டது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: ஆலையின் மேலாளர் மாறிப்போனது ஒன்று, முதலாளிக்கு நேரம் கிட்டாமற்போனது மற்றொன்று. அறியாமையே நோயாயிருந்திருந்தால், ஒருமுறை பெற்ற அறிவு மேலாளரோடு வாசலைக் கடந்து போயிருக்கக் காரணமில்லை. ஏனெனில் முதலாளி அங்கேயேதான் இருந்தார், பலனையும் கண்ணாரக் கண்டிருந்தார். அவ்வாறிருந்தும் நடைமுறை மறைந்தது என்றால், அது உயிரோடிருந்தது அறிவில் அன்று, அதை நாள்தோறும் செய்துவந்த ஒரு மனிதனின் கையில் என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. இரண்டாவது காரணமோ இதைவிடத் தெளிவு. நேரமில்லை என்று சொல்பவர் தெரியவில்லை என்று சொல்லவில்லை.

எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஒரு செய்தியை மறைப்பது நேர்மையாகாது. கற்பிக்கப்பட்ட முறைகள் ஒரே கம்பெனியின் பிற ஆலைகளுக்கு நன்கு பரவின. அண்டையிலிருந்த வேறு கம்பெனிகளுக்கோ மிகச் சிலவே சென்றன. செய்தி பரவாமையே காரணம் என்று இதைக் கொண்டு வாதிக்க இடமுண்டு. ஆயினும் ஒரே குடும்பத்தின் கைகள் எட்டிய இடம் வரையில்தான் நடைமுறையும் எட்டியது என்று இதனைப் படிப்பதே மற்ற ஆதாரங்களோடு இசைவதாக எனக்குத் தோன்றுகிறது. இதை முடிந்த முடிபாகக் கூறவில்லை. இரு விளக்கங்களுள் பொருந்துவது எதுவென்றே கூறுகிறேன்.

அந்த ஆலைகளைச் சிறுதொழில் என்று அழைப்பதும் பொருத்தமன்று. சராசரியாக 270 பேர் வேலைபார்த்த கம்பெனிகள் அவை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ, பாளையங்கோட்டையிலிருந்து சுலோசன முதலியார் பாலத்தை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் பெரிய விற்பனை மாளிகைகளுக்கு நடுவே நெருங்கி நிற்கும் மருந்துக்கடை, பாத்திரக்கடை, உதிரிபாகக் கடை, தையற்கடை, அச்சகம் ஆகியவற்றில் முதலாளியும் இரண்டு மூன்று கடைப்பையன்களுமே முழு ஸ்தாபனம். இத்தகைய அளவுள்ள தொழிலுக்கு ஏற்ற ஒப்புமை கானா நாட்டின் அக்ரா நகரத்துத் தையற்காரரிடையே நடந்த ஆலோசனைப் பரிசோதனைதான். அங்கே கணக்கெழுதுதல் முதலிய பழக்கங்கள் சிறிது காலம் கைக்கொள்ளப்பட்டு, ஓராண்டுக்குள் மறைந்து, தையற்காரர்கள் பழைய வழிக்கே திரும்பினர், லாபமும் கூடவில்லை.

நம் கடைகளில் ஒழுங்கு இல்லை என்ற கூற்றையே சோதித்துப் பார்க்கவேண்டும். சிட்டை, குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று படிப்படியாக ஏறிச்செல்லும் கணக்குமுறை தமிழ் வணிகருக்குப் புதிதன்று. சரசுவதி பூசையன்று புத்தகத்தில் மஞ்சள் தடவிக் குங்குமமிடும் வழக்கம் அம்முறைக்கு அளிக்கப்பட்ட மரியாதையே. அன்றைய வரவுசெலவும், யார் பற்று எவ்வளவு என்பதும் சிட்டையில் ஏறிவிடுகின்றன. சங்கிலி அறுந்துபோவது சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏறும் இடத்தில். முற்காலத்தில் அந்த இடத்தில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் கணக்கு எழுதுவோர் மீண்டும் கடைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் அவர்கள் எழுதுவது அரசாங்கத்துக்கு வேண்டிய கணக்கு. எந்தச் சரக்கு மூன்று தீபாவளிகளாக அட்டத்தில் தூங்குகிறது, எந்த வாடிக்கையாளரின் பாக்கி ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது, கடைப்பணத்திலிருந்து வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு என்பவற்றை வரிப்படிவம் கேட்பதில்லை, ஆகவே எழுதப்படுவதுமில்லை.

முதலாளியின் நினைவிலேயே இவையெல்லாம் இருக்கின்றன என்று சமாதானம் கூறுவோர், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்து வண்ணார்பேட்டையிலும் சந்திப்பிலும் கொக்கிரகுளத்திலும் புகுந்ததை நினைத்துப் பார்க்கட்டும். வெள்ளம் வடிந்தபின் காப்பீட்டுக்காரரும் வங்கியும் கேட்பது இருப்புப் பட்டியலை. நினைவிலிருக்கும் ஒழுங்கும் ஒழுங்குதான். ஆனால் அது சாட்சியாக நிற்காது. பழைய முறையைப் போற்றுவது என் உத்தேசமன்று என்பது இதனால் விளங்கும்.

ஆலோசனைக்கு மாற்று உண்டா என்பதற்கு நைஜீரியாவில் நிகழ்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வொன்று விடை தருகிறது. வியாபாரிக்குத் தேர்ந்த ஆலோசகரை அனுப்புவதனால் விளைந்த நன்மை, கணக்கு அல்லது விற்பனையில் பயிற்சியுள்ள ஒருவரை வேலைக்கு அமர்த்தவோ, அவ்வேலையை வெளியிலுள்ள நிபுணரிடம் ஒப்படைக்கவோ உதவியதனாலும் விளைந்தது. செலவோ ஏறக்குறைய பாதி. நம் மொழியில் சொன்னால், வியாபாரியைக் கணக்குப்பிள்ளையாக்குவதைக் காட்டிலும் கணக்குப்பிள்ளையை அமர்த்துவது மேல். பில் போடும் மென்பொருளே போதும் என்பாருக்கு ஒன்றே கேட்கிறேன்: அதில் பதிவேற்றப்போவது யார்? கணக்குப்பிள்ளை கடை ரகசியத்தை வெளியிடுவார் என்ற பயமும் பெரிதன்று. வரிக்கணக்கை வெளியார் கையில் கொடுத்தபோதே அதைப் பாதி கடந்தாயிற்று. மெக்ஸிகோவின் புவெப்லாவில் ஆலோசனை நீடித்த பலன் தந்ததே என்பார் உண்டு. அங்கே ஆலோசகர் வாரந்தோறும் நான்கு மணி நேரம் ஓராண்டுக்காலம் வந்தார் என்பதைக் கவனித்தால், அது என் கட்சிக்கே துணை நிற்பது புலனாகும்.

மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கிய லீன் திட்டம், உயர்படிகளில் ஆலோசனைக் கட்டணத்தின் 90 விழுக்காட்டைத் தானே ஏற்கிறது. அது உற்பத்தித் தொழிலுக்கானது. சில்லறை, மொத்த வியாபாரிகள் 2021 ஜூலையில் குறுசிறு தொழில் வரம்புக்குள் சேர்க்கப்பட்டதும் முன்னுரிமைக் கடன் ஒன்றின் பொருட்டே. ஆகவே வண்ணார்பேட்டைக் கடைக்காரர் அந்த உதவியின் வாசலுக்கு வெளியே நிற்கிறார். திருநெல்வேலி மாவட்டத் தொழில் மையம், இங்குள்ள கல்லூரிகளில் வணிகவியல் பயின்று வேலை தேடும் இளைஞர்களில் ஒருவரைப் பத்துக் கடைகளுக்குப் பொதுவாக அமர்த்தி, வாரம் ஒரு முறை சிட்டையைப் பேரேட்டில் ஏற்றவும், ஆடித் தள்ளுபடிக்கு முன்னும் தீபாவளிக் கொள்முதலுக்கு முன்னும் இருப்பை எண்ணிப் பட்டியலிடவும், பழைய பாக்கிகளைப் பிரித்துக் காட்டவும் ஏற்பாடு செய்து, அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை முதல் இரண்டாண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ள வேண்டும். அதன் பலனை அளக்கும்போது, எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்று எண்ணாமல், உதவி நின்று ஓராண்டு கழித்தும் எத்தனை கடைகளில் பேரேடு எழுதப்பட்டு வருகிறது என்று எண்ணவேண்டும்.