எழுத்தோரத்துச் செந்நிறம்: நிறப்பிறழ்ச்சியின் வரலாறு

அரபுக் கையெழுத்துப் பிரதியொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் டிஜிட்டல் கேமராவில் பக்கம் பக்கமாகப் படமெடுத்தோம். கணினித் திரையில் பெரிதாக்கி வாசித்தபோது, ஏட்டின் விளிம்பில் எழுதப்பட்டிருந்த விளக்கக் குறிப்புகளின் கரிய எழுத்துகள் ஒருபுறம் செந்நிறக் கீற்றும் மறுபுறம் நீலக் கீற்றும் தரித்து நின்றன. மாணவர் ஒருவர் அச்செந்நிறத்தை மங்கிப்போன சிவப்பு மையின் எச்சம் எனக் கொண்டு, குறிப்புகளுக்குச் சிவப்பு மையில் ஹரகத் இடப்பட்டிருந்ததாக எழுதிவிட்டார். ஆனால், பக்கத்தின் நடுவிலிருந்த வாசகத்தில் இந்நிறங்கள் இல்லை. விளிம்பை நெருங்க நெருங்கவே மிகுந்தன. குற்றம் பிரதியை எழுதிய காத்திபுடையதன்று, கேமராவின் வில்லையுடையது என்பதற்கு அதுவே சான்று.

வில்லையை அரபியில் அதஸா என்பர். அதஸ் என்பது பருப்பு. அல்பகரா அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தில் இஸ்ரவேலர் கேட்ட உணவுகளுள் ஒன்று. லென்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கும் அதுவே பொருள். பருப்பின் வடிவினதான இக்கண்ணாடி நீல ஒளியைச் சிவப்பினும் மிகுதியாக வளைக்கிறது. எனவே ஒரே எழுத்தின் நீலப் பிம்பமும் சிவப்புப் பிம்பமும் அளவில் சிறிது வேறுபட்டு, ஒன்றின் மீதொன்று பொருந்தாமல் விளிம்பில் பிதுங்குகின்றன. இதுவே நிறப்பிறழ்ச்சி.

ஒளியியலின் எல்லாக் கண்டுபிடிப்புகளையும் நம் முன்னோருக்கே உரியனவாக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பக்தாதின் இப்னு சஹ்ல் கி.பி. 984 அளவில் எரிகருவிகளைப் பற்றி எழுதிய நூலில், ஒளிவிலகலின் மாறாத விகிதத்தை வரைபடமாகவே தந்திருக்கிறார். ஐரோப்பாவில் ஸ்நெல் அதனைக் கண்டதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் முற்பட்டது அது. அந்நூல் சிதைந்து, ஒரு பகுதி திமிஷ்கிலும் மற்றொரு பகுதி தெஹ்ரானிலும் கிடந்தது. ருஷ்தி ராஷித் அவற்றை ஒன்றுசேர்த்து 1990இல் உலகறியச் செய்தார். இணைக்கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும் அதிபரவளைய வில்லையை இப்னு சஹ்ல் வகுத்தார். எனினும் அது ஒரே நிறத்திற்குப் பொருந்தும் கணக்கு. கிதாபுல் மனாழிரை இயற்றிய இப்னுல் ஹைதமும், அதற்குத் தன்கீஹுல் மனாழிர் என்னும் விரிவுரை கண்ட கமாலுத்தீன் அல்ஃபாரிஸியும் நிறத்திற்கு நிறம் விலகல் மாறும் என்று கூறவில்லை. நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைக் கொண்டு வானவில்லை ஆராய்ந்து, துளிக்குள் ஒளி இருமுறை விலகி இடையே பிரதிபலிப்பதை அல்ஃபாரிஸி நிறுவினார். நிறங்களின் தோற்றத்திற்கு அவர் தந்த விளக்கம் மட்டும் நிலைக்கவில்லை.

நிறந்தோறும் விலகல் வேறு என்பதை 1672இல் வெளியிட்ட நியூட்டனே அடுத்த தவற்றையும் செய்தார். எப்பொருளிலும் நிறப்பிரிகை விலகலுக்கு ஏற்ற அளவிலேயே இருக்கும் எனக் கருதி, வில்லைகளால் இக்குறையைப் போக்கவியலாது என்று முடிவுகட்டினார். அவரது பெயரின் கனம் அம்முடிவை அரை நூற்றாண்டுக்கு மேல் காத்தது. செஸ்டர் மூர் ஹால் என்னும் ஆங்கில வழக்கறிஞர் அதற்குக் கட்டுப்படவில்லை. 1730ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிரௌன் கண்ணாடியாலான குவிவில்லையையும் பிளிண்ட் கண்ணாடியாலான குழிவில்லையையும் இணைத்தால் நிறங்கள் மீண்டும் ஒன்றுகூடும் எனக் கண்டார். இரகசியம் வெளிப்படாதிருக்க இரு வில்லைகளையும் வெவ்வேறு கடைகளில் செய்யச் சொன்னார். இரண்டு கடைக்காரரும் அவ்வேலையை ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே கைவினைஞரிடம் ஒப்படைத்தனர்!

பட்டு நெசவாளராயிருந்த ஜான் டோலண்ட் முதலில் நியூட்டன் பக்கம் நின்று ஆய்லரோடு வாதிட்டவர். சுவீடன் அறிஞர் கிளிங்கன்ஸ்டியேர்னா நியூட்டனின் பிழையை எடுத்துக்காட்டிய பின் தாமே சோதித்து, கருத்தை மாற்றிக்கொண்டு, 1758இல் காப்புரிமை பெற்றார். அவரது மகன் பீட்டர் 1766இல் தொடர்ந்த வழக்கில், ஹால் முந்தியவரென்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கண்டதைப் பூட்டி வைத்தவருக்கன்று, மக்களுக்குப் பயன்படச் செய்தவருக்கே உரிமை என நீதிமன்றம் தீர்த்தது. ஹாலின் பால் எனக்குச் சிறிது இரக்கமுண்டு; தீர்ப்பு சரியே.

இரு கண்ணாடிகளின் இணைப்பாலும் நிறப்பிறழ்ச்சி முழுதும் நீங்குவதில்லை. எஞ்சியதை இன்று கணிதம் நீக்குகிறது. டிஜிட்டல் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி அடுக்குகளாக அமைகின்றன. பச்சையை அளவுகோலாக நிறுத்தி, மற்ற இரண்டையும் மையத்திலிருந்து மயிரிழை பெரிதாக்கியோ சுருக்கியோ பொருத்துகின்றனர். மையத்திலிருந்து 3000 புள்ளிகள் தள்ளிய இடத்தில் 2 புள்ளி விலகலெனில், செய்யவேண்டிய மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. இது வடிவக் கணக்கு. இல்லாத நிறத்தைச் சேர்ப்பதுமில்லை, உள்ள நிறத்தை அழிப்பதுமில்லை.

குவியத்திற்கு முன்னும் பின்னும் படரும் ஊதா, பச்சைக் கீற்றுகளுக்கு இம்முறை பயன்படாது. அங்கே மென்பொருள் விளிம்புகளில் காணும் அந்நிறங்களையே வெளுக்கச் செய்கிறது. அப்படித் திருத்திய எங்கள் முதற்பக்கத்தில், ஊதா மையில் பதித்திருந்த நூலக முத்திரை சாம்பல் நிறமாகிவிட்டது. பிரதி யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதற்கு அம்முத்திரையே சான்று. ஆகவே திருத்தாத மூலப்படத்தைத் தனியே காத்து, அடுக்குப் பொருத்தத்தை மட்டும் கையாண்டோம்.

அவ்வாறு பொருத்தியதும் மாணவர் கண்ட ஹரகத்துகள் அனைத்தும் மறைந்தன. இரண்டு சொற்களின் தலைமேல் மட்டும் சிவப்பு நீங்கவில்லை. மூல ஏட்டைத் திறந்து பார்த்தோம். விரிவுரையாளர் மத்னிலிருந்து எடுத்தாண்ட சொற்கள் அவை. அடையாளத்திற்காக, காத்திப் அவற்றின் மேல் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்.