மட்டக்களப்பு வாவிக்கரையில் சமயமும் சமூகமும்

ஜேர்மனியில் 1555 ஆம் ஆண்டின் ஒக்ஸ்பேர்க் உடன்படிக்கை, ஆள்வோன் மதமே அவன் நாட்டு மதம் என வகுத்தது. மட்டக்களப்பு வாவிக்கரையிலோ அத்தகைய நியதி நிலைகொள்ளவில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கோட்டையை ஆண்டபோதிலும், சைவமும் இஸ்லாமும் அயலயற் கிராமங்களில் வேரூன்றி நின்றன.

இவ்விரு சமூகங்களையும் ஒப்புமையுடையனவாக்கியது தாய்வழிக் குடிமுறையாகும். இந்துக்களும் முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியாகவே பெற்றனர். மணமகன் மணமகள் இல்லஞ் சென்று வாழும் வழக்கமும் இருசாராருக்கும் பொதுவாயிற்று. கோயிலிற் குடியின் பிரதிநிதி வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்காயர். வழிபாடு வேறாயினும் நிருவாக நெறி ஒத்ததே.

பிற்காலத்திற் சமயம் கல்வியினூடாகவும் செயற்பட்டது. 1814 இல் வந்த மெதடிஸ்த குரு வில்லியம் ஓல்ட் பாடசாலைகளை நிறுவினார். 1929 இல் கல்லடி உப்போடையிற் சுவாமி விபுலாநந்தரின் முயற்சியாற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது.

எனினும், 1990 ஓகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்திற் குழந்தைகளும் மடிந்தனர். ஒத்த அமைப்புகள் இருந்தும் இவை நேர்ந்ததேன்? வண்ணக்கர் கோயிலிலும் மரைக்காயர் பள்ளிவாசலிலும் தத்தம் மக்களுக்கே பொறுப்புடையோராயிருந்தனர். இருவரும் ஒருங்கமரும் நிலையான சபை எதனையும் அம்மரபு வழங்கவில்லை. ஒப்புமை வேறு, உறவு வேறு. அத்தகைய சபையை ஆக்குவதே இன்று வாவிக்கரைச் சமயங்கள் ஆற்றவேண்டிய பணி எனலாம்.