சுவரும் குரலும்

சுவர் மக்களைப் பிரிக்கும். மக்களுக்காகப் பேசவும் செய்யும். இவ்விரண்டிற்கும் வரலாற்றில் சான்றுகள் உள.

பாகூர் மூலநாதர் கோயிலிலும் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலிலும் கல்வெட்டுகளைக் காண்கிறோம். மன்னரும் சபையும் கொடையாளரும் பேசும் சுவர்கள் அவை. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டு, வரி நீங்கிய நிலங்களைக் கணக்கிடுமிடத்துப் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் சுட்டுகிறது. அங்கு வாழ்ந்தோர் எழுதப்பட்டனர், எழுதினாரல்லர்.

பிரெஞ்சியர் ஆட்சியில் புதுவை நகரை வெள்ளையர் நகர், கறுப்பர் நகர் எனப் பெரிய வாய்க்கால் பிரித்து நின்றது. அங்கே நிறம் எல்லை வகுத்தது. சிற்றூர்களில் பிறப்பு எல்லை வகுத்தது. அவ்வெல்லை மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் சுவராகவே எழுந்தது. 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 திசம்பர் 2 அன்று பெருமழையில் சரிந்த சுவரோ, தலித் மக்கள் 17 பேரின் உயிரைக் குடித்தது.

பிரிக்கப்பட்டோர் சுவரைத் தம் ஏடாக்கிக் கொண்ட வரலாறும் உண்டு. 1967 இல் சிக்காகோவின் தென்பகுதியில் கறுப்பினக் கலைஞர்கள் கட்டடம் ஒன்றின் சுவரில் 'மதிப்புச் சுவர்' எனும் ஓவியத் தொகுதியைத் தீட்டினர். இசைவாணர், எழுத்தாளர், விளையாட்டு வீரர், அரசியல் தலைவர் எனத் தம் இனத்துப் பெருமக்களை அதில் நிறுத்தினர். கவிஞர் குவெண்டலின் புரூக்சு அச்சுவரைக் கவிதையிலும் போற்றினார். சில ஆண்டுகளில் தீக்கிரையாகிக் கட்டடம் மறைந்தது, அவ்வழி மறையவில்லை. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அத்தகைய சுவர்கள் தோன்றின. ஆட்சியாளர் இசைவோடு எழுதியதும் நிலைக்கும் என்பதற்கில்லை. 2020 சூனில் வாசிங்டன் தெருவில் மஞ்சள் வண்ணத்தில் தீட்டிய 'கறுப்பின உயிர்கள் மதிப்புடையன' எனும் பொருளுடைய பேரெழுத்துகள் 2025 மார்ச்சில் பெயர்த்தெடுக்கப்பட்டன.

சென்னை நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டோர் வாழும் கண்ணகி நகரில் 2020 இல் அடுக்ககச் சுவர்கள் பேரோவியங்களால் நிறைந்தன. கலை அமைப்பும் மாநகராட்சியும் வண்ண நிறுவனமும் இணைந்து செய்த பணி அது. கண்ணுக்கு விருந்துதான், ஆயினும் ஒரு வினா எழுகிறது. ஓவியத்தில் எவர் இடம்பெற வேண்டுமென முடிவு செய்தவர் யார்? அழகூட்டல் வேறு, உரிமைக்குரல் வேறு. இரண்டையும் வேறுபடுத்துவது அவ்வினாவே.

இவ்வினாவோடு நம் கொம்யூன் சிற்றூர்களை நோக்குவோம். நீலநிற மேற்சட்டையும் கையில் அரசமைப்பு நூலுமாக அண்ணல் அம்பேத்கர் நிற்கும் சுவரோவியம் தமிழ்நிலத்துச் சேரிகள் பலவற்றிற்கும் பொதுவானது. பெரும்பாலும் உள்ளூர் ஓவியர் தீட்டுவது. அதற்கான செலவும் ஊராரின் கைப்பணமே. சட்டம் தந்த சமநிலையை ஊர் மறுக்கையில், அதை நாள்தோறும் நினைவூட்டும் கல்வெட்டு அது. ஆயினும் கோயிற் கல்வெட்டுக்குப் படியெடுப்போர் உண்டு, இதற்கோ ஒருவருமிலர். ஒரு மழைக்காலமோ ஒரு வெள்ளையடிப்போ போதும், சுவடற்றுப் போகும்.

பத்தாண்டு நிறைவுற்ற நம் வட்டத்திற்கு இதனினும் தக்க பணி வேறில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சுவரோவியங்களைப் படமெடுத்து, தீட்டியவர் பெயரையும் ஆண்டையும் ஊரார் வாய்மொழியையும் பதிவு செய்வோம். சேரி தானே எழுதிய வரலாறு அது. அழியுமுன் படித்தல் நம் கடன்.