லயத்துக்குப் பின்னால் துருப்பிடிக்கும் பைக்: திருத்துவதா, விடுவதா?

மலையகத் தோட்டங்களில் பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்துவது பொழுதுபோக்கு அல்ல. பசறை, லுணுகலை, ஹாலி-எல, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல பகுதிகளில் பல தோட்டப் பிரிவுகளுக்கு பஸ் போவதில்லை. அது பிரதான வீதியோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடை, அல்லது கேட்ட காசைக் கொடுத்து முச்சக்கரவண்டி. இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால், லயத்தில் யாரிடம் ஓடக்கூடிய பைக் இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார்கள்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பாவித்த பைக்குகளின் விலை எங்கோ போய்விட்டது. அதுவரை கோழி அடையும் இடமாகக் கிடந்த வண்டிகளும் விற்பனைக்கு வந்தன. ‘மலிவாகக் கிடைக்கிறது, எடுத்துத் திருத்திக்கொள்ளலாம்’ என்ற பேச்சு தோட்டத்து இளைஞர்களிடம் இன்னும் ஓயவில்லை. நானும் அப்படி ஒன்றைத் தேடியவன்தான். தோட்டங்களுக்குப் போய்ச் செய்தி சேகரிக்கும் எனக்கு பஸ் நேரத்தை நம்பி வேலை செய்ய முடியாது.

தேடும்போது இரண்டு பைக்குகளைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது. ஒன்று, பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்ற ஹொண்டா எம்.டி. 90. கேட்ட விலை 40,000 ரூபா. மற்றது, ஹப்புத்தளைப் பக்கம் நண்பர் ஒருவரின் அப்பாவுக்குச் சொந்தமான பஜாஜ் சி.டி. 100. மூன்று வருடங்களாக உதைக்கவே முடியாமல் எஞ்சின் இறுகிக் கிடந்தது. திருத்துவதா, விடுவதா என்று நண்பர் என்னிடம் யோசனை கேட்டிருந்தார். பார்த்தவுடன் யாரும் எம்.டி. 90 ஐத்தான் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் திருத்தத் தகுந்தது சி.டி. 100 என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

எம்.டி. 90 மீது நமக்குள்ள பாசம்

எம்.டி. 90 ஜப்பானில் தபால் விநியோகத்துக்காகச் செய்யப்பட்ட வண்டி. 89 சி.சி. எஞ்சின், மூன்று கியர், கையால் பிடிக்கும் கிளச் கிடையாது. பாரம் ஏற்றி மெதுவாக, நாள் முழுக்க ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. வன்னியில் இருந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கும் இது தெரிந்த வண்டி.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகவில்லை. ஸ்டார்ட் செய்ய மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை அது. புகை கக்கியது, எஞ்சின் தட்டியது, ஒயில் சீக்கிரம் கெட்டது, ஆனாலும் ஓடியது. அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் ‘ஹொண்டா எஞ்சின் சாகாது’ என்ற நம்பிக்கை. அதில் உண்மையும் உண்டு.

அதே யுத்தம் இன்னொரு பாடத்தையும் தந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் ஆயிரக்கணக்கான சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் கைவிடப்பட்டுக் கிடந்தன. வண்டியோடு அதன் ஆவணங்களையும் இழந்தவர்கள் ஏராளம். தெற்கிலும் மலையகத்திலும் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில், தன் பெயரில் இல்லாத பைக்கில் போகும் தமிழ் இளைஞன் ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எஞ்சினை எப்படியாவது ஓட வைக்கலாம். வண்டி யாருடையது என்பதை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

முதலில் கடதாசி

ஆகவே ஸ்பானரை எடுக்க முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கராஜில் ‘சீ.ஆர்’ என்பார்கள். அதில் பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, பெயர். விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் சீ.ஆரிலும் இருக்கிறதா? நம்மூரில் ‘ஓப்பன் பேப்பர்’ வியாபாரம் அதிகம். முதல் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட கடதாசியை வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே மூன்று நான்கு கை மாறியிருக்கும். முதல் உரிமையாளர் இறந்திருந்தால் அல்லது வெளிநாடு போயிருந்தால் சிக்கல் வாங்கியவர் தலையில்.

இரண்டு, செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும். செஸி இலக்கம் பெரும்பாலும் ஹாண்டிலுக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் அராவிய தடமோ, புதிய வெல்டிங்கோ, பெயின்ட் பூச்சோ இருந்தால் பேச்சை அதோடு நிறுத்திவிடலாம். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று, கடன். சீ.ஆரில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அந்தக் கடன் முடிந்ததற்கான கடிதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது.

நான்கு, வருமான அனுமதிப்பத்திரம். கடைசியாக எந்த வருடம் எடுத்தார்கள்? அதை வழங்குவது மாகாண நிர்வாகம். பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் கிடைக்காது. பல வருட நிலுவை இருந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று வண்டி இலக்கத்தைச் சொல்லி அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். விலை பேசுவதற்கு முன் கேட்பது நல்லது.

பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. படிவத்தைத் தமிழில் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். புரியாத மொழியில் எழுதிய கடதாசிக்குக் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

கடதாசி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. அந்த வருடம் ஜூலையில் எரிபொருளுக்கு கியூ.ஆர். முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீட்டர். செஸி இலக்கம் திணைக்களப் பதிவோடு பொருந்தாதவர்கள் அந்த 4 லீட்டருக்கும் அல்லாடினார்கள். நல்ல எஞ்சின் உள்ள வண்டிகளும் லயத்துக்குப் பின்னால் போனது அப்போதுதான்.

அடுத்தது சட்டமும் பிரேக்கும்

கடதாசி சரியென்றால் அடுத்ததாகச் சட்டத்தை, அதாவது பிரேமைப் பாருங்கள். ஊவாவில் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை பெய்யும் மழை, வெளியில் நிற்கும் இரும்பை விட்டுவைக்காது. சீட்டைக் கழற்றி அதன் அடியைப் பாருங்கள். கழுத்துப் பகுதி, பின் ஷொக் பூட்டும் இடம், பின் சில்லைத் தாங்கும் கை ஆகியவற்றை ஒரு ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். மேல் துரு சுரண்டினால் போய்விடும். ஸ்க்ரூட்ரைவர் உள்ளே இறங்கினால் இரும்பு உக்கிவிட்டது என்று அர்த்தம். வெல்டிங் அதற்குத் தீர்வு அல்ல, குறிப்பாகக் கழுத்துப் பகுதியில்.

பிரேக் விஷயத்தில் நம் பாதைகளை மனதில் வைக்க வேண்டும். ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் இருக்கிறது. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றரில். இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பழைய வண்டிகளில் உள்ள ட்ரம் பிரேக் சூடேறிப் பிடியை இழந்துவிடும். ஆகவே பிரேக் ஷூ, கேபிள், டயர், சில்லு பெயரிங் ஆகிய நான்குக்கும் புதிதாகக் காசு போகும் என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். டயரில் பூ இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். வருடக்கணக்கில் நின்ற டயரின் ரப்பர் வெடித்திருக்கும். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியில் இறங்குவதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் கடைசியில்

எல்லோரும் முதலில் செய்வது கிக்கரை உதைப்பது. நீண்ட காலம் நின்ற எஞ்சினை அப்படி உதைக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, ஓரிரு நாள் விட்டுவையுங்கள். பிறகு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். அசைந்தால், பிளக் துவாரத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டு இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். விரலைக் காற்று தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ரிங் அல்லது வால்வு வேலை இருக்கிறது.

ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரும்புத் துகள் மினுங்கினால் உள்ளே ஏதோ தேய்கிறது. டாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோலை முழுதாக வடித்து, காபரேட்டரைக் கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஓடத் தொடங்கியபின் நீலப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. மலையில் காற்று ஐதாக இருப்பதால், கீழே சரியாக ஓடிய வண்டிகூட மேலே ஏறும்போது இப்படிச் செய்யும். அதைக் காபரேட்டரில் சரிசெய்யலாம்.

எஞ்சினைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இறுகிய பிஸ்டனுக்கும் தேய்ந்த ரிங்குக்கும் மருந்து உண்டு: போர் அடிக்கலாம், பாகம் மாற்றலாம். சி.டி. 100 போன்ற வண்டிக்கு அந்தப் பாகங்கள் பண்டாரவளையிலும் பதுளையிலும் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். எம்.டி. 90 க்கு நகல் பாகங்களையும், வேறு வண்டியில் கழற்றிய பாகங்களையும் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நாட்சம்பளத்தில் கணக்கு

கராஜ் பாஸ் ஒருவர் எம்.டி. 90 ஐப் பார்த்துவிட்டு, வீதிக்கு இறக்க 65,000 ரூபா வரை போகும் என்றார். வாங்கும் விலையோடு சேர்த்தால் 105,000. சி.டி. 100 க்கு எஞ்சின் வேலையோடு 55,000 என்றார்.

2024 செப்டெம்பர் வர்த்தமானி தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளத்தை 1,350 ரூபாவாக நிர்ணயித்திருந்தது. அந்தக் கணக்கில் எம்.டி. 90 என்பது 78 நாள் உழைப்பு, சி.டி. 100 என்பது 41 நாள். வாங்கும் எந்தப் பழைய வண்டியையும் இப்படி நாளாக மாற்றிப் பார்க்கச் சொல்வேன். ‘ஒரு லட்சம்தானே’ என்று வாய்க்கு வருவது, ‘78 நாள் கொழுந்து’ என்று வராது.

பணம் கொடுக்க முன் ஒரு மேல் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ் சொல்லும் தொகையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம். எஞ்சினைப் பிரித்தபின் புதுச் செலவு ஒன்று வந்தே தீரும். பாதி திருத்திய வண்டியை வாங்க ஆள் இல்லை.

எம்.டி. 90 ஐ நான் எடுக்கவில்லை. அதன் எஞ்சின் விரலைத் தள்ளியது; சட்டமும் நன்றாக இருந்தது. ஆனால் சீ.ஆரில் இருந்தது கொழும்பு முகவரியுடன் ஒரு பெயர். அதற்கும் விற்பவருக்கும் நடுவில் மூன்று கை. அதில் யாரிடமும் கடதாசி இல்லை. பதிவு உரிமையாளரைக் கண்டுபிடித்துப் பெயரை மாற்றித் தந்தால் கேட்ட விலையையே தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சி.டி. 100 நண்பரின் அப்பா பெயரில், லீசிங் முடிந்த கடிதத்தோடு இருந்தது. நின்றுபோன அன்று வரைக்குமான வருமான அனுமதிப்பத்திரங்களை அவர் ரொட்டி டின் ஒன்றுக்குள் அடுக்கி வைத்திருந்தார். அதைத் திருத்தச் சொன்னேன்.

வீட்டில் ஓடாத வண்டி ஒன்று நின்றால், அதைத் திருத்தும் எண்ணம் இப்போதைக்கு இல்லாவிட்டாலும் ஒரு வேலையைச் செய்துவையுங்கள். சீ.ஆரைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, திணைக்களத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பெயர் இருப்பவர் உயிரோடு இருக்கும்போதே, யார் ஓட்டப் போகிறாரோ அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பிஸ்டனை அடுத்த வருடமும் மாற்றலாம்.