பேதுருவின் பயம், பவுலின் பிடிவாதம்

ஜூன் 29ஆம் தேதியைக் கத்தோலிக்கத் திருச்சபை பேதுருவுக்கும் பவுலுக்கும் சேர்த்தே ஒதுக்கியிருக்கிறது. நம் ஊர்ப் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் இராயப்பர், சின்னப்பர் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். ஓவியங்களில் ஒருவர் கையில் திறவுகோல், மற்றவர் கையில் வாள். இருவரும் தோளோடு தோள் நிற்பார்கள். ஆனால் உயிரோடு இருந்த காலத்தில் இந்த இருவரும் சபை பார்க்க மோதிக்கொண்டவர்கள். அந்த மோதலை வைத்துப் பேதுருவைக் கோழை என்றும் பவுலை வீரர் என்றும் தீர்ப்பெழுதிவிடுவது சுலபம். இருவர் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு அப்படி முடிவதில்லை.

வந்த வழியிலேயே இருவரும் இரு துருவம். பேதுரு பெத்சாயிதாக்காரர், கப்பர்நகூமில் குடியிருந்தவர், கலிலேயாக் கடலில் வலை வீசிப் பிழைத்தவர். மனைவியும் மாமியாரும் இருந்த வீட்டுக்காரர். எருசலேமின் ஆலோசனைச் சங்கம் அவரைப் படிப்பறியாதவர் என்றே கணித்தது. பவுல் தர்சு பட்டணத்தார். பிறப்பிலேயே ரோமக் குடியுரிமை உள்ளவர். கமாலியேலிடம் வேதம் கற்ற பரிசேயர். கைத்தொழில் கூடாரம் செய்வது. பேதுரு இயேசுவோடு நடந்தார், சாப்பிட்டார், திட்டும் வாங்கினார். பவுலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தமஸ்குவுக்குப் போகும் வழியில் மனம் திரும்பி மூன்று வருடம் கழித்துத்தான் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவைச் சந்தித்து 15 நாள் தங்கினார். அந்த 15 நாளில் என்ன பேசினார்கள் என்பதை இருவரில் எவரும் எழுதிவைக்கவில்லை.

இருவர் கணக்கும் கறையோடுதான் தொடங்குகிறது. ஆனால் கறையின் தன்மை வேறு.

பேதுருவின் கறை விழுந்தது பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில். இரவு நேரம், குளிர். வேலையாட்கள் கரி நெருப்பு மூட்டிச் சுற்றி நிற்கிறார்கள். அவர்கள் நடுவே பேதுருவும் குளிர்காய்கிறார். நீயும் இயேசுவோடு இருந்தவன்தானே என்று முதலில் கேட்டவள் ஒரு வேலைக்காரப் பெண். அவள் கையில் ஆயுதம் இல்லை, அதிகாரமும் இல்லை. சற்று நேரத்துக்கு முன்புதான் தோட்டத்தில், இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்துக்கு எதிரே வாளை உருவி மல்குஸ் என்பவனின் காதை வெட்டியவர் பேதுரு. அப்படிப்பட்டவர் ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு, ‘அவரை எனக்குத் தெரியாது’ என்று நழுவினார். மறுபடி கேட்டபோதும் மறுத்தார். அவருடைய கலிலேயப் பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்தபோது சபிக்கவும் சத்தியம் பண்ணவும் தொடங்கினார். அவர் ஆயுதத்துக்குப் பயந்தவர் அல்லர். சுற்றி நிற்பவர்கள் தம்மை என்ன நினைப்பார்களோ என்பதற்குப் பயந்தவர். இயேசு முன்பே சொல்லியிருந்தபடி சேவல் கூவியதும் செய்தது தப்பு என்று தெரிந்துவிட்டது. அழுதார்.

பவுலின் கறையில் அழுகைக்கே இடமில்லை. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்கள் தங்கள் மேலாடைகளை, அப்போது சவுல் என்று அழைக்கப்பட்ட இளைஞன் பவுலின் காலடியில் வைத்தார்கள். சவுல் அதற்குச் சம்மதித்திருந்தார். பிறகு வீடு வீடாக நுழைந்து ஆண்களையும் பெண்களையும் சிறைக்கு இழுத்தார். எல்லாம் கடவுளுக்கான வேலை என்ற முழு நம்பிக்கையில் செய்தது. பயத்தால் தவறுகிறவருக்கு மனச்சாட்சி உடனே உறுத்தும். நான் சொல்வதே சரி என்ற உறுதியால் தவறுகிறவருக்கு, வெளியிலிருந்து யாராவது தடுத்து நிறுத்தினால்தான் உண்டு. பவுலைத் தடுக்க ஒரு தமஸ்கு வழி தேவைப்பட்டது.

இந்த இரண்டு குணங்களும் மனந்திரும்பியதோடு மறைந்துவிடவில்லை. கி.பி. 50 வாக்கில் சீரியாவின் அந்தியோக்கியாவில் நேருக்கு நேர் சந்தித்தன.

இயேசுவின் சீடர்களுக்குக் கிறிஸ்தவர் என்ற பெயர் முதலில் வழங்கியது அந்தியோக்கியாவில்தான். யூதரும் யூதர் அல்லாதவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட சபை அது. பேதுருவும் அங்கே வந்தபோது எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்கு அது புதிதல்ல. யோப்பாவில் கண்ட தரிசனத்துக்குப் பின் செசரியாவில் ரோம நூற்றுவர் தலைவன் கொர்நேலியு வீட்டுக்குள் நுழைந்தவர். அதற்காக எருசலேமில் கேள்வி எழுந்தபோது நின்று பதில் சொன்னவர். பிறகு எருசலேமிலிருந்து, அங்குள்ள சபையின் தலைவர் யாக்கோபின் தரப்பு ஆட்கள் சிலர் அந்தியோக்கியாவுக்கு வந்தார்கள். பேதுரு மெல்ல ஒதுங்கித் தனிப்பந்தியில் உட்கார்ந்தார். தலைவர் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்களா? மற்ற யூதர்களும் எழுந்தார்கள். தம் உடன் ஊழியர் பர்னபாவே இழுபட்டுப் போனார் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார்.

முற்றத்தில் நடந்ததும் அந்தியோக்கியாவில் நடந்ததும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் பேதுருவின் நம்பிக்கை மாறவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்கள் மாறினார்கள், அவர் நடத்தையும் மாறியது. முதல் தடவை அவர் தமக்கே கேடு தேடிக்கொண்டார். இரண்டாம் தடவை விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். பந்தியில் தனியாக விடப்பட்ட யூதரல்லாத விசுவாசிகளுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி, ‘நீங்கள் முதலில் யூதராக மாறி வாருங்கள்’ என்பதே. பந்தியில் பிரித்து உட்காரவைப்பது எவ்வளவு பெரிய பேச்சு என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பவுல் அதை அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், முகத்துக்கு நேரே கேட்டார். கேட்டது முழுக்கச் சரி. அன்று அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இரண்டு பந்திகள் இரண்டு சபைகளாக ஆகியிருக்கும்.

பவுலின் உறுதி இங்கே ஒரு சபையைக் காப்பாற்றியது. அதே உறுதி இன்னொரு சமயத்தில் ஒரு நட்பை முறித்தது. அந்தக் கதைக்கு நடுவில் இருப்பவர் மாற்கு.

எருசலேமில் மாற்கின் தாய் மரியாளின் வீட்டில்தான் சீடர்கள் கூடி ஜெபிப்பார்கள். சிறையிலிருந்து தப்பிய பேதுரு நள்ளிரவில் தட்டியது அந்த வீட்டுக் கதவைத்தான். ரோதை என்ற பணிப்பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடினாள். அந்த வீட்டுப் பிள்ளையான மாற்கு, பர்னபாவுக்கும் பவுலுக்கும் உதவியாளாகப் பயணம் புறப்பட்டார். பம்பிலியா நாட்டுப் பெர்கேயில் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். காரணம் பதிவாகவில்லை. அடுத்த பயணத்துக்கு அவரை மறுபடி அழைத்துப் போகலாம் என்று பர்னபா சொன்னார். பாதியில் விட்டுப் போனவன் வேண்டாம் என்றார் பவுல். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்கை அழைத்துக்கொண்டு சைப்ரஸுக்குக் கப்பலேறினார். பவுல் சீலாவோடு வேறு திசையில் போனார்.

பர்னபா யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மனந்திரும்பிய சவுலை எருசலேம் சீடர்கள் நம்பாமல் பயந்து விலகியபோது, கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் கூட்டிப்போனவர் அவர்தான். பிறகு தர்சுவுக்கே தேடிப் போய்ப் பவுலை அந்தியோக்கியாவுக்கு அழைத்து வந்தவரும் அவரே. இரண்டாம் வாய்ப்பால் ஆளான பவுல், மாற்குக்கு இரண்டாம் வாய்ப்புத் தர மறுத்தார். பணியின் கண்டிப்பு என்ற நியாயம் அவர் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு வாய்ப்பு வாங்கித் தந்தவரே கேட்டும் அவர் அசையவில்லை.

ஒன்றை ஒன்றால் எடை போட்டால், பேதுரு வளையக்கூடாத இடத்தில் வளைந்தார், பவுல் வளைந்திருக்கலாம் என்ற இடத்தில் நிமிர்ந்து நின்றார். இரண்டிலும் அடி வாங்கியவர்கள் அவர்களைவிடச் சிறியவர்கள்: அங்கே யூதரல்லாத எளிய விசுவாசிகள், இங்கே ஓர் இளைஞன். பயந்த தலைவரை எல்லோரும் எளிதில் அடையாளம் கண்டு குறை சொல்கிறார்கள். விட்டுக்கொடுக்காத தலைவரின் குறை கொள்கைப் பிடிப்பின் உடையில் வருவதால் பாராட்டே வாங்கிவிடுகிறது.

திருந்திய விதமும் வேறு. அந்தியோக்கியாவில் பேதுரு என்ன பதில் சொன்னார் என்று பவுல் எழுதவில்லை. ஆனால் பேதுரு தமக்கென்று ஒரு கட்சி கட்டிப் பவுலை எதிர்த்ததாக எந்தப் பதிவும் இல்லை. அவர் பெயரில் வழங்கும் இரண்டாம் நிருபம் பவுலைப் பிரியமான சகோதரன் என்கிறது; அவர் எழுத்தில் சில விஷயங்கள் புரிந்துகொள்ளக் கடினம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளவும் தவறவில்லை. அந்த நிருபத்தைப் பேதுருவே எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய விவாதம் உண்டு. ஆனாலும் ஆதிச் சபை பேதுருவின் வாயில் வைக்க விரும்பிய சொல் அது. பவுல் மெதுவாக மாறினார். கொலோசெயர், பிலேமோன் நிருபங்களில் மாற்கு மறுபடி உடனிருக்கிறார். பவுலின் பெயரால் வரும் தீமோத்தேயு இரண்டாம் நிருபம், மாற்கை அழைத்து வா, அவன் ஊழியத்துக்குப் பயன்படுவான் என்கிறது. பேதுருவின் முதல் நிருபமோ மாற்கைத் தம் மகன் என்றே அழைக்கிறது.

பின்னால் வந்தவர்களுக்கு இந்தக் குறைகள் சங்கடமாக இருந்தன. பவுல் தம் நிருபத்தில் பேதுருவைக் கேபா என்ற அரமேயப் பெயரால் குறிப்பிடுகிறார்; அந்தியோக்கியாவில் கண்டிக்கப்பட்ட கேபா அப்போஸ்தலர் பேதுரு அல்ல, அதே பெயருள்ள வேறொருவர் என்று அலெக்சாந்திரியாவின் கிளமெந்து சொல்லிப் பார்த்தார். அது நிஜச் சண்டை அல்ல, சபைக்குப் பாடம் புகட்ட இருவரும் சேர்ந்து நடித்தது என்று 4ஆம் நூற்றாண்டில் ஜெரோம் விளக்கம் எழுதினார். ஹிப்போவின் அகுஸ்தீன் ஒத்துக்கொள்ளவில்லை. வேதத்தில் ஒரு நடிப்பை நுழைத்துவிட்டால் பிறகு எதை நம்புவது என்று ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். தம்மைவிடப் பின்னால் வந்தவரின் கண்டிப்பைப் பொறுத்துக்கொண்ட பேதுருவின் பணிவு, பவுலின் துணிச்சலைவிட அரிய முன்மாதிரி என்பது அகுஸ்தீனின் கட்சி. கார்த்தேஜின் சிப்ரியனும் 3ஆம் நூற்றாண்டிலேயே அதே பக்கம் நின்றிருக்கிறார்.

அகுஸ்தீன் பக்கமே நியாயம் இருக்கிறது. அதற்குச் சான்று இருவரின் குறைகளும் நம் கைக்கு வந்து சேர்ந்த வழி. பேதுரு சொல்லக் கேட்டு மாற்கு சுவிசேஷம் எழுதினார் என்பது 2ஆம் நூற்றாண்டின் பாப்பியாஸ் வழிவந்த மரபு. அந்த மரபை இன்றைய ஆய்வாளர் எல்லோரும் ஏற்பதில்லை. ஏற்றுக்கொண்டால் ஒன்று கண்ணில் படும். பேதுருவைப் பாறை என்று இயேசு வாழ்த்துவதாக மத்தேயு சொல்லும் பகுதி மாற்கில் இல்லை. ‘எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே’ என்ற கடிந்துரை இருக்கிறது. மறுதலிப்பும் சாபத்தோடு, சத்தியத்தோடு அப்படியே இருக்கிறது. பவுலின் பயணத் தோழராக மரபு காட்டும் லூக்காவும் பர்னபாவோடு நடந்த சண்டையை எழுதுகிறார். பவுலுக்காக வாதாட ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

பேதுருவின் குறையைப் பேதுருவின் ஆளும், பவுலின் குறையைப் பவுலின் ஆளும் எழுதிவைத்தார்கள். எதிரிகள் எழுதியிருந்தால் அது அவதூறாகக் கழிந்திருக்கும். பயந்தவரும் பிடிவாதக்காரரும் தலைமைக்கு வரத்தான் செய்வார்கள். எந்த இயக்கமும் அதைத் தவிர்த்ததில்லை. ஒரு தலைவரை மதிப்பிட விரும்புகிறவர் அவருடைய சொந்த ஆட்கள் அவரைப் பற்றி எதை எழுதத் துணிகிறார்கள் என்று பார்க்கட்டும். பேதுருவும் பவுலும் தேறுவது அந்தச் சோதனையில்தான்.