சோர்வும் ஒரு சுரப்பியும்



முதுமையில் வரும் சோர்வுக்கும் மனத்தளர்ச்சிக்கும் "வயது போய்விட்டது" என்னும் ஒரே காரணத்தைச் சொல்லி அமைதியடைவது எங்கும் உள்ள வழக்கம். அக்காரணம் எல்லோருக்கும் பொருந்தாது என்பதை மருத்துவ உலகு உணர்ந்துகொண்ட வரலாறு இங்கிலாந்திலே தொடங்குகின்றது.

1873ஆம் ஆண்டில் வில்லியம் கல் என்னும் இலண்டன் வைத்தியர், வயதுவந்த பெண்கள் சிலரிடம் கண்ட விந்தையான மாற்றத்தை எழுதினார். முன்பு சுறுசுறுப்பாயிருந்த அவர்கள் முகம் ஊதி, நாத் தடித்து, எதிலும் நாட்டமின்றி மந்தமாயினர். சில ஆண்டுகளின்பின் வில்லியம் ஓட் என்பவர், கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி இந்நோயிற் சிதைந்துபோவதைக் கண்டு, நோய்க்கு மிக்சடீமா எனப் பெயரிட்டார். 1888இல் இலண்டன் மருத்துவர் குழுவொன்று நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, அவர்களிற் பலருக்கு மனமும் பேதலித்திருந்ததை எடுத்துக்காட்டிற்று. மனத்தின் நோயென எண்ணியதற்குக் கழுத்திலே காரணம் கிடைத்தது!

காரணம் தெரிந்தது, மருந்து இல்லை. 1891இல் நியூகாசில் நகரத்து இளம் வைத்தியர் ஜோர்ஜ் மறே, செம்மறியாட்டின் தைரொயிட் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை நாற்பத்தாறு வயதுப் பெண்ணொருத்திக்கு ஊசிமூலம் ஏற்றினார். கசாப்புக்கடையில் வீசப்படும் பொருளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! சில மாதங்களில் அப்பெண்ணின் முகவீக்கம் வற்றியது, பேச்சுத் தெளிந்தது, வீட்டுவேலைகளைத் தாமே செய்யலானார். பின்னர் அச்சாற்றை வாய்வழியே உட்கொண்டு மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் எழுபத்துநான்காம் வயதிற் காலமானார். அவருக்காக எண்ணூற்றெழுபதுக்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் பயன்பட்டன என்று மறே கணக்கிட்டுள்ளார்.

1914ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அமெரிக்கரான எட்வேட் கெண்டல், இச்சுரப்பியின் ஓமோனாகிய தைரொட்சினைப் பிரித்தெடுத்தார். 1927இல் அது ஆய்வுகூடத்திலேயே ஆக்கப்பட்டது. உடலின் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் சக்திச் செலவையும் ஆளும் பொருள் அது. அது குன்றினால் உடல் அடங்கலும் வேகம் தணிகிறது. ஆயினும் பழைய மயக்கம் முற்றாக நீங்கவில்லை. 1949இல் றிச்சட் ஆஷர் என்னும் ஆங்கில வைத்தியர், சித்தம் பேதலித்த பதினான்கு மிக்சடீமா நோயாளரைப் பற்றி எழுதினார். சுரப்பி மருந்தினால் அவர்களிற் பெரும்பாலோர் தெளிவடைந்தனர்.

இவ்வெற்றிகளின் பின் எதிர்ப்புறத் தவறும் நேர்ந்தது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, தைரொயிட்டைத் தூண்டும் ஓர் ஓமோனைச் சுரக்கிறது. தைரொயிட் தளரத் தொடங்கினால் அத்தூண்டல் மிகும். இரத்தத்தில் தைரொட்சின் போதியளவு இருக்க, தூண்டும் ஓமோன் மட்டும் மிகுந்து காணப்படும் நிலை முதியோரிற் சாதாரணம். களைப்பென்று சொன்ன அத்தகையோர் பலருக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது. அது பயன் தருமா என்று ஐரோப்பிய நாடுகள் நான்கில் அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் உடைய 737 பேரிடம் சோதித்தனர். ஒரு சாராருக்கு மருந்தும், மறு சாராருக்கு மருந்தில்லா வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. ஓராண்டின்பின் இரு சாராரின் களைப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என 2017இல் முடிவு வெளியாயிற்று. தைரொட்சின் தெளிவாகக் குறைந்தவர்களுக்கோ அம்மாத்திரை இன்றும் இன்றியமையாதது. இருவரையும் பிரித்தறியச் சிறிதளவு இரத்தப் பரிசோதனையே போதும்.