தென்னாப்பிரிக்க விடுதலையும் வாஷிங்டனின் கணக்கும்

நெல்சன் மண்டேலா 1993இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1994இல் தென்னாப்பிரிக்காவின் அதிபரானார். ஆனால் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது 2008இல்தான். அதற்கும் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் ஜனநாயகப் பாடம் எடுக்கும் நாட்டில் இது எப்படி நடந்தது? தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில், கறுப்பின மக்கள்மீது திணிக்கப்பட்ட அனுமதிச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்தனர். 1976இல் சொவெட்டோவில் பள்ளி மாணவர்கள் சுடப்பட்டனர். ஒவ்வொரு முறையும் வாஷிங்டனிலிருந்து கண்டனம் வந்தது. வணிகமும் முதலீடும் நிற்கவில்லை. கார்ட்டர் காலத்தில் மனித உரிமைப் பேச்சு கொஞ்சம் உரத்தது. 1977இல் ஐ.நா. பாதுகாப்பு அவை கொண்டுவந்த கட்டாய ஆயுதத் தடையை அமெரிக்கா ஆதரித்தது.

1981இல் ரீகன் வந்ததும் காற்று மாறியது. அங்கோலாவில் கியூபப் படைகள் இருந்தன. சோவியத் செல்வாக்கு தெற்கு ஆப்பிரிக்காவில் பரவக் கூடாது, குரோமியம், பிளாட்டினம் போன்ற கனிமங்கள் தடையின்றி வர வேண்டும், நன்னம்பிக்கை முனைக் கடல்வழி கையில் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. இந்தக் கணக்கில் நிறவெறி அரசு கூட்டாளி, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் பயங்கரவாத அமைப்பு. நிறவெறி அரசோடு பகைத்துக்கொள்ளாமல் பேசிப்பேசியே திருத்தலாம் என்ற இந்தக் கொள்கைக்கு 'ஆக்கபூர்வ ஈடுபாடு' என்று பெயர் வைத்தார்கள்.

இதை உடைத்தது வெளியுறவுத் துறை அல்ல, அமெரிக்காவின் கறுப்பினச் செயல்பாட்டாளர்கள். 1984 நவம்பர் 21 அன்று ராண்டல் ராபின்சன் உள்ளிட்டோர் வாஷிங்டனில் இருந்த தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்குள் சென்று, வெளியேற மறுத்துக் கைதானார்கள். அதன்பிறகு தூதரக வாசலில் நாள்தோறும் மறியல் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். ரோசா பார்க்ஸும் அந்தப் போராட்டத்தில் நின்றார்.

மாணவர்கள் வேறொரு இடத்தில் கை வைத்தார்கள். 'நம் பல்கலைக்கழகத்தின் பணம் எந்த நிறுவனத்தில் முதலீடாக இருக்கிறது? அந்த நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் என்ன செய்கிறது?' என்று கேட்டார்கள். 1985 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கட்டட வாசலைச் சங்கிலியால் பூட்டி மூன்று வாரம் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டே முதலீடுகளை விலக்கிக்கொள்ள நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சுமார் 300 கோடி டாலர் முதலீட்டை விலக்க முடிவெடுத்தது.

1986இல் அமெரிக்கக் காங்கிரஸ் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ரீகன் அதை ரத்து அதிகாரத்தால் தடுத்தார். பிரதிநிதிகள் அவை 313-83 என்றும், செனட் 78-21 என்றும் வாக்களித்து அதிபரை மீறின. அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்களே அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். தெருவில் எழுந்த அழுத்தம் இல்லாமல் அது நடந்திருக்காது.

தென்னாப்பிரிக்காவை விடுவித்தது அமெரிக்கா என்று இதற்குப் பொருள் இல்லை. 1983இல் உருவான ஐக்கிய ஜனநாயக முன்னணியும், 1985இல் உருவான தொழிற்சங்கக் கூட்டமைப்பும், நகர்ப்புறச் சேரிகளில் வாடகை கட்ட மறுத்த மக்களும்தான் ஆட்சியை நடத்த முடியாமல் செய்தார்கள். வெளிநாட்டு ஆதரவு அந்தப் போராட்டத்துக்குத் துணை நின்றது. பனிப்போர் தணிந்து, கியூபப் படைகள் திரும்ப 1988இல் உடன்பாடு வந்ததும், நிறவெறி அரசைத் தாங்கிப்பிடிக்க வாஷிங்டனுக்கு இருந்த காரணமும் போயிற்று. 1990இல் மண்டேலா விடுதலையானார்.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் இடம் உண்டு. 1946இல், விடுதலைக்கு முன்பே, தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தை இந்தியா ஐ.நா.வில் எழுப்பியது. 'இது எங்கள் உள்நாட்டு விவகாரம்' என்றது தென்னாப்பிரிக்கா. பொதுச்சபை அந்த வாதத்தை ஏற்கவில்லை. அதே 1946இல்தான் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அனுப்பும் மனுவைப் பற்றிக் கேட்டு டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாத மக்களும் அந்த வழியைப் பின்பற்றலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

55 ஆண்டுகள் கழித்து, 2001இல், அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு கூடியது. சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித் செயல்பாட்டாளர்கள் போனார்கள். சாதி என்பது இனம் அல்ல, இது உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு எதிர்த்தது. இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. ஆனாலும் அங்கே எழுந்த குரல் வீண்போகவில்லை. 2002இல் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தெளிவாகச் சொன்னது.

அரசுகளின் ஆதரவு வரும், போகும். வரும்போது பயன்படுத்திக்கொள்வோம், அதை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டாம். கொலம்பியா மாணவர்கள் கேட்ட கேள்வியிலிருந்து நாமும் தொடங்கலாம்: நம் கல்லூரியின், நம் நிறுவனத்தின் பணமும் மௌனமும் யார் பக்கம் நிற்கின்றன?

ஜெய்பீம்.